பத்தாவது பொட்டலம்

இராமநாதபுரம் ஜில்லாவில் தவிட்டுக்கு வாங்கப்படாத பிள்ளை ஒன்றாவது உண்டா என்பது கனிக்கு வெகுநாளையச் சந்தேகம். அவன் சோறு தின்ன அடம் பிடித்த நாளெல்லாம் அவனுடைய உம்மா, "உன்னைய ஒரு சுளகு தவிட்டுக்குத்தான் வாங்குனேன், கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துருவேன்" என்று மிரட்டித்தான் வளர்த்தாள். ஆகவே, எதிரே உட்கார்ந்திருந்த முறுக்கு மீசைக்காரர், "என்னையத் தவிட்டுக்கு வாங்குனாகளாம்யா" என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தபோது, கனிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"சிரிக்காதலே" என்று தன் உதவியாளனைக் கண்ணாலேயே அதட்டினார் துப்பறியும் செல்லச்சாமி.

அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கடை மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். 'உயிர் போனாலும் ரகசியம் போகாது' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். பலகையின் எழுத்து என்னவோ பெரியதுதான். அதன் கீழே யார் படியேறினாலும் பொழுது சாய்வதற்குள் சந்தை முழுவதும் தெரிந்துவிடும். ஆபீஸ் வைப்பதற்கு முன்னால் அவர் தனுஷ்கோடித் துறையில், கொழும்புக் கப்பல் ஏற வருகிறவர்களின் பெட்டிகளைக் குடைந்து பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தார். பெட்டியில் இருக்கவேண்டியது எது என்பதைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. இருக்கக்கூடாதது எது என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் உத்தியோகம் போன பிறகும் போகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

மீசைக்காரரின் பெயர் உக்கிரபாண்டி. சிக்கல் ஊரில் மிளகாய்க்காடும் வயலும் உள்ள சம்சாரி. பெயரையும் மீசையையும் பார்த்தால் எதிரே நிற்கப் பயமாக இருக்கும். அழுகிற அழுகையைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கப் பயமாக இருந்தது.

"தவிட்டுக்கு வாங்குனதுன்னு சின்னப் பிள்ளையில எல்லாரையும் சொல்றதுதானே," என்றான் கனி. "என்னையும் அப்படித்தான் வாங்குனாங்க. தவிடு மட்டும் மட்டமான தவிடாப் போச்சு."

"என்கிட்ட விளையாட்டுக்குச் சொல்லலை தம்பி. அவகளை ஒருநாளும் அம்மான்னு கூப்பிட விட்டதில்லை. அத்தைன்னுதான் கூப்பிடணும். தப்பித் தவறி அம்மான்னு வந்துருச்சுன்னா வாயிலேயே அடி விழும். அடிச்சுப்புட்டு அடுப்படியில போய் ஒக்காந்து அழுவாக. அய்யா நான் தொட்டில்ல கெடக்கையிலேயே போய்ச் சேந்துட்டாரு. வேற யார்கிட்டக் கேக்குறது?"

"சிக்கல்ல பழைய ஆளுங்க இல்லையா?" என்றார் செல்லச்சாமி.

"நாங்க சிக்கலுக்குப் பிழைக்க வந்தவுகய்யா. வடக்க எந்த ஊர்லருந்தோ, என்னையக் கைக்குழந்தையாத் தூக்கிக்கிட்டு வந்து எறங்குனாகளாம். எறங்குன அன்னைக்கே, 'இது நாங்க பெத்ததில்லை, வாங்குனது'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டாகளாம். எந்த ஊருன்னு கேட்டா மட்டும் வாயைத் தொறக்க மாட்டாக. அய்யாவோட பங்காளிக, கொழும்புலேயே பெறந்து வளந்தவுக, கொஞ்சப் பேரு பின்னால வந்து சேந்தாக. அவுகளுக்கும் அதேதான் தெரியும்."

"சரி. இம்புட்டு நாள் இல்லாம இப்ப என்ன அவசரம்?"

உக்கிரபாண்டி துண்டை முறுக்கினார். அந்த அம்மாள் வீரலட்சுமி வைகாசியில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். பங்காளிகள் எல்லாரும் வந்து தலைமாட்டைச் சுற்றி நின்றார்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கள்தான், வேறென்ன.

"திடீர்னு கண்ணைத் தொறந்தாகய்யா. எங்கருந்துதான் அம்புட்டுச் சத்தம் வந்துச்சோ. 'இவன் எம்பிள்ளை இல்லை! தவிட்டுக்கு வாங்குன பிள்ளை! இவனுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, ஒறவுமில்லை!'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனாக. அதோட தலை சாஞ்சுருச்சு. சாகுற நேரத்துல யாரும் பொய் சொல்லுவாகளாய்யா? பங்காளிக பிடிச்சுக்கிட்டாக. பெறாத பிள்ளை கொள்ளி வைக்கப்படாதுன்னு சட்டியைக் கையிலருந்து பிடுங்கிட்டாக. பெரியய்யா மகன் கொள்ளி வச்சான். நான் கம்மாக்கரையில நின்னு புகையைத்தான் பாத்தேன்."

கனிக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"போன அமாவாசைக்கு ராமேசுவரம் போனேன். அக்கினி தீர்த்தத்துல எறங்கி நிக்கேன். தண்ணி இறைக்கணும், தாயார் பேரைச் சொல்லுன்னு கேட்டாரு அய்யரு. எந்தத் தாயாரு? வாய் வரலை, அப்படியே கரையேறி வந்துட்டேன். பெத்தவ செத்துப் போயிருந்தா அவ பேரையும் சொல்லணும். உசுரோட இருந்தா? உசுரோட இருக்கிறவளுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சா அந்தப் பாவத்தை எந்தக் கடல்ல போய்க் கழுவுறது? நாளைக்கு ஆடி அமாவாசை. நாளைக்கும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்னா நான் யாருக்குத்தான்யா பிள்ளை?"

செல்லச்சாமியின் கண் மீசைக்கு மேலே, வலது மூக்கில் நின்றது. "அது என்ன தழும்பு?"

"சின்னதுல அம்மை போட்டுச்சாம். அத்தை சொல்லுவாக."

"மாரியாத்தா போற போக்குல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா," என்றான் கனி. இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று பார்த்தான். யாரும் தளரவில்லை.

"அந்த அம்மா விட்டுட்டுப் போன சாமான் ஏதாச்சும் கொண்டாந்தியா?"

உக்கிரபாண்டி பையிலிருந்து ஓர் ஓலைக் கொட்டானை எடுத்து வைத்தார். வருஷா வருஷம் ஆடியில் வீரலட்சுமி தேவிபட்டினம் போவாளாம். கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கிற நவபாஷாணக் கற்களைச் சுற்றிவிட்டு வருவாளாம். யாரையும் கூட அழைத்துப் போகமாட்டாளாம். இந்த வருஷம் போவதற்காகச் சித்திரையிலேயே எடுத்து முடிந்து வைத்த கொட்டான் அப்படியே கிடந்தது. செல்லச்சாமியின் முகத்தில் பழைய கப்பல்துறைக் களை வந்துவிட்டது. உள்ளே இருந்த துணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

நெல், கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள்ளு, உளுந்து, கொள்ளு. ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது தானியம், சாஸ்திரத்தில் குறையே இல்லை. அடியில் மட்டும் இன்னொரு பொட்டலம், மற்றதைவிடப் பெரியது. அவிழ்த்ததும் பொசுக்கென்று தூசி பறந்து கனிக்குத் தும்மல் வந்தது.

தவிடு.

"ஏலே கனி, ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது பொட்டலம். பத்தாவது எந்தக் கிரகத்துக்குலே?"

"பத்தாவது கிரகம்னா மாப்பிள்ளைதான் அண்ணே. ஆனா அந்தம்மாவுக்குப் பொண்ணு கிடையாதே."

"எந்திரி. தேவிபட்டினம் பஸ் கிளம்பிறப் போகுது. நீயும் வாய்யா உக்கிரபாண்டி."

பஸ்ஸில் வழி நெடுகக் கனி ஒரு கணக்குப் போட்டான். தவிட்டுக்குப் பிள்ளையை வாங்கியவள் வருஷந்தோறும் தவிடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்றால், பிள்ளையை விற்றவள் தேவிபட்டினத்தில் இருக்கிறாள். கணக்கு அவ்வளவு எளிதாக வந்ததில் அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றம். இதற்கு எதற்கு ஒரு துப்பறிகிறவர், அவருக்கு ஒரு உதவியாளன், மாடியில் ஓர் ஆபீஸ்?

தேவிபட்டினக் கடலில் ஒன்பது கல்லும் வழக்கம்போல நனைந்துகொண்டு நின்றன. மறுநாள் அமாவாசை என்பதால் கூட்டம் இன்றைக்கே இடுப்பளவுத் தண்ணீரில் சுற்ற ஆரம்பித்திருந்தது. கிரகங்களுக்குத்தான் ஓய்வில்லை. கரையில் நவதானியப் பொட்டலம் விற்கிற சின்னச்சாமிக்கும் ஓய்வில்லை. செல்லச்சாமி கொட்டானைக் காட்டி விசாரித்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"சிக்கல் அம்மாவா? நல்லாத் தெரியுமே."

"இம்புட்டுக் கூட்டத்துல அவங்களை மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்றான் கனி.

"பொட்டலம் வாங்குனவுக மூஞ்சி மறந்துரும் தம்பி. வாங்காதவுக மூஞ்சி மறக்குமா? வருசா வருசம் வீட்டுலருந்தே கட்டிக்கிட்டு வந்துரும். என் கடையைத் தாண்டித்தான் போகும், திரும்பிக்கூடப் பாக்காது."

"கும்பிட்டு முடிச்சிட்டு எங்கிட்டுப் போவாங்க?" என்றார் செல்லச்சாமி.

"பஸ்சுக்குப் போகாது. நேரா மரைக்காயர் தெருவுக்குப் போகும். படகுக்காரர் காதர் மைதீன் வீடு, பச்சைக் கதவு. திரும்பி வரையில கொட்டான் காலியா இருக்கும், கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். உப்புத்தண்ணி பட்டுருச்சு போலன்னு நான் நெனைச்சுக்கிருவேன்."

பச்சைக் கதவைத் திறந்தவர் காதர் மைதீனே. கட்டுமஸ்தான ஆள். உக்கிரபாண்டியின் வயதுதான் இருக்கும். மீசைக்குப் பதில் தாடி. உக்கிரபாண்டி உள்ளே வரவில்லை. தெருமுனையில் வேப்பமரத்தடியில், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். செல்லச்சாமியும் கனியும் மட்டும் நடைக்குப் போனார்கள்.

"என் உம்மா வெளியாளுக முன்னால வரமாட்டாங்க," என்றார் காதர் மைதீன். "எங்க வாப்பாவோட கூட்டாளிகளே அவங்க மொகத்தைப் பாத்ததில்லை. கேக்குறதைத் தட்டிக்கு இங்கிட்டு நின்னு கேளுங்க."

மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. குல்சும் பீவி. நிழலைக்கூட முக்காட்டுக்குள் வைத்திருப்பவள்போல ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"சிக்கல் வீரலட்சுமி அம்மாளை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் செல்லச்சாமி.

"தெரியாது."

"வருசா வருசம் வருவாங்களாமே?"

"கும்புட வாரவங்க தண்ணி கேட்டு வருவாங்க. யாரு எவருன்னு நான் கேக்குறதில்லை."

"தண்ணி குடிக்க வந்தவங்க தவிட்டை எதுக்கு வச்சிட்டுப் போறாங்க மாமி?" என்றான் கனி.

"ஆடு வளக்குறோம் வாப்பா. ஆடு தவிடு திங்கும்."

"ஆட்டைக் காணோமே?"

"தின்னுட்டோம்," என்றது தட்டி.

கனி வாயை மூடிக்கொண்டான். அவனுடைய தொழிலில் அவனையே மிஞ்சுகிற ஆளை அவன் அதிகம் சந்தித்ததில்லை. காதர் மைதீன் கதவுப் பக்கம் கை காட்டினார். உம்மா வாயைத் திறக்கமாட்டாள் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது, அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

செல்லச்சாமி எழுந்தார். போகிறவர்போல வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உக்கிரபாண்டி! இங்கன வாய்யா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

உக்கிரபாண்டி தயங்கித் தயங்கி நடைக்குள் கால் வைத்தார்.

தட்டி சரிந்து விழுந்தது. குல்சும் பீவி வெளியே வந்துவிட்டாள். தலையில் முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவே இல்லை. கனியும் செல்லச்சாமியும் நிற்பதும் அவள் கண்ணில் படவில்லை. நேரே உக்கிரபாண்டியின் முன்னால் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தி முகத்தைத் தடவினாள். நெற்றி, கன்னம், அப்புறம் மூக்கு. பெருவிரல் வலது மூக்கில் கொஞ்ச நேரம் நின்றது.

"எம்புட்டு ஒசரமாயிட்டே, ராசா," என்றாள்.

பிறந்தது முதல் வெளி ஆண் எவன் முன்னாலும் வராத உம்மாவைக் காதர் மைதீன் இப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கனி செல்லச்சாமியின் காதில் குசுகுசுத்தான். "அண்ணே, கேஸ் முடிஞ்சது. எங்க சனத்துல ஒரு பொம்பளை முக்காடு இல்லாம நிக்கணும்னா புருசன், வாப்பா, கூடப் பிறந்தவன், பெத்த மகன், இவங்க முன்னாலதான் நிக்கலாம். புருசனா இருக்க வயசு பத்தாது. வாப்பாவா இருக்க மீசை நரைக்கலை. மகன்தான். இந்த மரைக்காயர் வீட்டுப் பிள்ளைதான் சிக்கல்ல மீசை முறுக்கிக்கிட்டுத் திரியுது."

அது உக்கிரபாண்டியின் காதிலும் விழுந்துவிட்டது. ஒரே நொடியில் ஊரும் தெருவும் மதமும் மாறிப்போன மனுஷன் அப்படியே முழங்காலில் விழுந்தார். குல்சும் பீவியின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்..." என்று ஆரம்பித்தார்.

அவள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பேரை எனக்குச் சொல்லாத. அதுக்கு உரியவ இருக்கா."

"கனி," என்றார் செல்லச்சாமி, "நீ போட்ட கணக்குல மூக்கை விட்டுட்டியேலே."

"என் மூக்கையா?"

"அவரு மூக்கை. அம்மைத் தழும்புன்னு சொன்னாரு. வீட்டுக்குள்ள வந்தா வாரிச் சுருட்டிக்கிட்டுப் போற அம்மை, இம்புட்டுப் பெரிய மூஞ்சியில ஒரே ஒரு புள்ளி வச்சிட்டா போயிருக்கும்? அதுவும் அளந்து வச்ச மாதிரி, மூக்குத்தி குத்துற இடத்துல? உங்க சனத்துல ஆம்பளைப் பிள்ளைக்கு மூக்குக் குத்துவாங்களா?"

"குத்துனா ஊரைவிட்டே தள்ளி வச்சிருவாங்க."

"எங்க சனத்துல குத்துவாங்க. எப்பன்னு தெரியுமா? பெத்த பிள்ளையெல்லாம் வரிசையாச் செத்துப்போய், அடுத்தது பிறந்தா குத்துவாங்க. பாத்தா பொட்டப்பிள்ளை மாதிரி, வேண்டாத பிள்ளை மாதிரி இருக்கணும். எமன் ஏமாந்து போயிருவான்னு ஒரு நம்பிக்கை. இப்பச் சொல்லு. பிள்ளைகளை மண்ணுல போட்டுட்டு, மிஞ்சுன ஒண்ணைக் காப்பாத்த மூக்குக் குத்துன ஒருத்தி, அந்தப் பிள்ளையைத் தூக்கி இன்னொருத்திகிட்ட நெசமாவே வித்துருவாளா?"

கனி யோசித்தான். "விக்கமாட்டா. விக்கிற மாதிரி பாவனை பண்ணுவா."

"யாருகிட்ட?"

கனி குல்சும் பீவியின் நரைத்த தலையைப் பார்த்தான். தட்டியைப் பார்த்தான். பிறகு உக்கிரபாண்டியையும், ஒரே வயதுக்காரரான காதர் மைதீனையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான்.

"பால்! பால் குடுத்திருக்காங்க! பால் குடுத்தாலும் எங்க மார்க்கத்துல மகன் மகன்தான் அண்ணே, அவன் முன்னால முக்காடு தேவையில்லை. ஓதப் போன பள்ளியில முதல்ல சொல்லிக் குடுத்ததே இதுதான். எனக்குத் தோணாமப் போச்சே!"

"உனக்கு ஆடு எங்கன்னு கேக்கத்தான் தோணும்."

குல்சும் பீவி அவர்கள் பேசியதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல. "அவ எங்க? நீ மட்டும் வந்திருக்கே. இவங்களை விட்டு ஏன் கேக்கச் சொல்லுதே? அவளே வந்திருக்கலாமே."

செல்லச்சாமி கொட்டானிலிருந்து தவிட்டுப் பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள். "மவுத்தாயிட்டாளா?"

உக்கிரபாண்டி துண்டால் கண்ணைப் பொத்தினார். அவள் அரபியில் முணுமுணுத்து ஓதினாள். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் வழிய வழிய, துடைக்காமலே பேசினாள்.

"அவ உயிரோட இருக்கிறமட்டும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இனிச் சொல்றேன். உப்பூர்லருந்து வந்தா ராசா. மூணு பிள்ளையை அங்கன மண்ணுல வச்சிட்டு வந்தா. மூணும் பல்லு முளைக்கிறதுக்கு முன்னால போயிருச்சு. நாலாவதா நீ. பிறந்த ஈரங்கூடக் காயலை. சுளகுல வச்சுத் தூக்கிக்கிட்டுக் கடலுக்கு வந்தவ, கும்பிட்டுட்டு நேரா இந்த வாசல்ல கொண்டாந்து வச்சிட்டா. எனக்குக் காதர் மைதீன் கைப்பிள்ளை. 'அக்கா, இதை நீ எடுத்துக்க, இது உம்பிள்ளை, எங்க எமன் உங்க தெருவுல வந்து தேடமாட்டான்'னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ மொகத்தைப் பாத்தேன், சிரிப்புப் போயிருச்சு."

"அப்புறம்?" என்றார் உக்கிரபாண்டி.

"அப்புறம் என்ன? ஒரு பக்கம் இவன், ஒரு பக்கம் நீ. அவ புருசனோட தோப்புல ஒரு குடிசை போட்டு ஒளிஞ்சு கெடந்தா. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிச்சாலும் கிட்ட வரமாட்டா. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவா. உனக்கு முதப் பல்லு முளைச்ச அன்னைக்குச் சுளகு நெறையத் தவிட்டைக் கொண்டாந்து கொட்டி, 'இந்தா வெலை, பிள்ளையைக் குடு'ன்னு வாங்கிட்டுப் போனா. உப்பூருக்குப் போனா எமன் அடையாளம் கண்டுக்கிருவான்னு, யாருக்கும் தெரியாத ஊருக்குப் போறேன்னா. அதோட முடிஞ்சிரும்னு நெனைச்சேன். அடுத்த ஆடிக்கும் தவிட்டோட வந்து நிக்கிறா. 'வெலை இன்னும் தீரலைக்கா, நான் வாங்குனவதான், பெத்தவ இல்லை'ங்கிறா. வருசா வருசம் வெலை குடுத்துக்கிட்டே இருந்தா. குடுத்துட்டு, இந்த நடையில ஒக்காந்து உன்னையப் பத்திப் பேசுவா. என் மகன் உழுதான், என் மகனுக்குக் கல்யாணம், என் மகனுக்கு மீசை வளந்துருச்சு. இங்கன மட்டும்தான் மகன்னு சொல்லுவா."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர் என்று உக்கிரபாண்டியைச் சொல்லலாம். கனிக்கு அது நுனி நாக்கு வரைக்கும் வந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக அதை அவன் விழுங்கினான்.

உக்கிரபாண்டிக்குத்தான் தாங்கவில்லை. தரையில் கையால் ஓங்கி அடித்தார். "அப்ப எதுக்கு அப்படிச் சொல்லிட்டுச் செத்தாக? அடிச்சாக, அத்தைன்னு கூப்பிடச் சொன்னாக, எல்லாம் சரி. சாகுற நேரத்துலயுமா? நான் முப்பது வயசு தாண்டிட்டேன், இனி என்னைய எவன் தூக்கிட்டுப் போகப்போறான்? கடைசியா ஒரு தடவை மகனேன்னு சொல்லியிருந்தா நான் கொள்ளி வச்சிருப்பேனே!"

செல்லச்சாமி அவர் பக்கத்தில் குந்தினார். "உக்கிரபாண்டி, யோசிச்சுச் சொல்லு. அப்படிக் கத்துனப்ப அந்த அம்மா யாரைப் பாத்துக் கத்துனாங்க? உன்னையவா?"

"இல்லைய்யா."

"பங்காளிகளையா?"

"இல்லை. அவுக தலைமாட்டுல நின்னாக." உக்கிரபாண்டி நெற்றியைச் சுருக்கினார். "வாசலைப் பாத்தாக. வாசலைப் பாத்துத்தான் கத்துனாக. என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாக."

"வாசல்ல யாரு நின்னா?"

"யாருமே இல்லையேய்யா."

"உனக்குத் தெரியலை," என்றாள் குல்சும் பீவி மெதுவாக. "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தவன் அங்கனதானே நின்னிருப்பான். வந்தவன் பக்கத்துல உன்னையப் பாத்துருவானேன்னு பயந்திருக்கா."

உக்கிரபாண்டி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அவள் கடைசியாகப் பிடித்திருந்த கை அது. பிறகு அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிறுபிள்ளை அழுவதுபோல ஓலமிட்டு அழுதார். காதர் மைதீன் அவர் அருகில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். பால் குடித்த காலத்துக்குப் பிறகு இருவரும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மூன்று பேரும் மாலை ரயிலேறிப் பாம்பன் பாலம் தாண்டினார்கள்.

மறுநாள் விடிந்தபோது அக்கினி தீர்த்தத்தில் எள் விழ இடமில்லை. எள் இறைக்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற உக்கிரபாண்டியிடம் அய்யர் அலுப்போடு கேட்டார்:

"தாயார் பேர்?"

"வீரலட்சுமி."

"பெத்த தாயாரா, வளர்த்த தாயாரா? இழுத்தடிக்காமச் சொல்லுங்கோ, பின்னால ஆள் நிக்கறா."

"என்னையப் பெத்த அம்மா!" என்று கத்தினார் உக்கிரபாண்டி. கரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பக்கத்தில் முங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. அடி வாங்கி வாங்கி உள்ளேயே போட்டு வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "அம்மா! அம்மா! அம்மா!" என்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்து போயின.

கரையில் நின்ற கனி மூக்கை உறிஞ்சினான். உப்புக்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அண்ணே," என்றான், "இம்புட்டுச் சத்தமாக் கத்துறாரே. வாசல்ல வந்து நின்ன அந்த ஆளுக்குக் கேட்டுட்டா?"

"கேக்கட்டும்லே," என்றார் செல்லச்சாமி. "முப்பது வருசமா ஒரு பொம்பளைகிட்ட ஏமாந்துக்கிட்டிருந்தவன், வெக்கத்துல இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான்."